செட்டிநாட்டுச் சமையலில் மாவுச்சத்தைக் குறைப்பது எப்படி: ஒரே சட்டியில் சமைத்து, இடையில் பங்கு எடுக்கும் முறை

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் மாவுச்சத்தைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளே மதியச் சோற்றை நிறுத்திவிடுகிறார்கள். அதே குழம்பைத் தட்டில் ஊற்றி, கறித்துண்டுகளை மட்டும் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். நாக்கு எரியும், உப்புக் கரிக்கும், வயிறும் நிறையாது. ஒரு வாரம் போவதற்குள் பழையபடி சோற்றுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

மனஉறுதி இல்லை என்று அவர்களைச் சொல்வது சரியில்லை. நம் குழம்பின் உப்பு, உறைப்பு, புளிப்பு எல்லாம் அதைப்போல இரண்டு மூன்று பங்கு சோற்றில் பிசைந்து உண்பதற்காக வைத்த அளவு. சோற்றை எடுத்துவிட்டுக் குழம்பை அப்படியே வைத்தால் யாராலும் சாப்பிட முடியாது. குழம்பைச் சரிசெய்துவிட்டுத்தான் சோற்றைக் குறைக்க வேண்டும். அதற்காக வீட்டில் இரண்டு சமையல் செய்ய வேண்டியதில்லை. கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. சமையலுக்கு முன்னால் மாத்திரைச் சீட்டு

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. அந்த மருந்தின் அளவு நீங்கள் இப்போது சாப்பிடும் சோற்றுக்கு ஏற்றது. சோறு குறைந்து மருந்து குறையாமல் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். இரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் உணவுமுறை கெடுகிறதே என்று தயங்கக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. மாவுச்சத்து மிகவும் குறைந்தால், சர்க்கரை அதிகம் ஏறாத நிலையிலேயே இரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவர் சொன்னால் மட்டுமே இதில் இறங்கலாம்.

2. மாவு எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தால் மாவுச்சத்து குறைந்த உணவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 20 முதல் 50 கிராம் வரை என்பது மிகக் கடுமையான முறை. வீட்டில் எல்லோரோடும் ஒரே சட்டியில் சாப்பிட நினைப்பவர்களுக்கு 80 முதல் 120 கிராம்தான் தோது என்பது என் கருத்து. அதற்கும் கீழே போனால் தனி அடுப்பு வேண்டியிருக்கும். தனி அடுப்பு நீடிக்காது.

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. நம் மதியச் சாப்பாட்டில் பருப்புக்கு ஒரு முறை, குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு, மோருக்கு என்று நான்கு முறை சோறு விழுகிறது. ஒவ்வொரு முறையும் 100 கிராம் என்று வைத்தாலே 110 கிராமைத் தாண்டிவிடும். அன்றைய அளவு மதியமே முடிந்துபோகிறது.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, முதல் சில நாட்கள் சோறு, இட்லி, பருப்பு மூன்றை மட்டும் நிறுத்துப் பாருங்கள். கண்ணளவு எப்போதும் குறைத்தே சொல்லும்.

எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. கவுனி அரிசி கறுப்பாக இருப்பதாலும் பழமையானது என்பதாலும் அதில் மாவு குறைவு என்று நம்புகிறார்கள். வேகாத கவுனி 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். வரகு, குதிரைவாலி, கேழ்வரகு, கோதுமை, ஓட்ஸ் எல்லாமே 65 முதல் 75-க்குள் வரும். இவற்றில் சிலவற்றில் நார் கூடுதலாக இருப்பதால் சர்க்கரை ஏறும் வேகம் கொஞ்சம் மட்டுப்படலாம். ஆனால் சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி என்றால் மாவு பெரிதாகக் குறைவதில்லை. கஞ்சி வடித்த சோறும் அப்படித்தான், வடிநீரோடு போவது சிறு பங்கு. கருப்பட்டியும் இனிப்புதான்.

3. எந்த வேளையை முதலில் மாற்றுவது

சாயங்காலத்தை முதலில் மாற்றுங்கள். நாலு மணிக் காபியும் அதோடு வரும் தேன்குழல், சீப்புச் சீடை, பிஸ்கட்டும் பசிக்காகச் சாப்பிடுபவை அல்ல, பழக்கத்துக்காகச் சாப்பிடுபவை. அதை விடுவது மற்ற வேளைகளைவிடச் சுலபம். ஒரு டம்ளர் காபியில் பாலிலிருந்து 7 கிராம், இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையிலிருந்து 8 முதல் 10 கிராம். மூன்று வேளை குடித்தால் சுமார் 170 கிராம் சோற்றுக்குச் சமம். சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தாமல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். கையில் ஏதாவது வேண்டும் என்றால் வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, அல்லது தேங்காய்ச் சில்லு.

அடுத்தது இரவு. அப்புறம் காலை. மதியச் சோறு கடைசி. வீடே கூடி உட்காரும் வேளை அதுதான், அதில் கை வைத்தால் கேள்வி கேட்பவர்களும் அதிகம். மற்ற மூன்றும் பழகிய பிறகு மதியச் சோறு தானாகவே கால் பங்குக்கு இறங்கும், ஏனென்றால் பசியே குறைந்திருக்கும்.

4. அடுக்களையில் இருக்க வேண்டியவை

முட்டை, தேங்காய், கெட்டித் தயிர், நிலக்கடலை, இரண்டு மூன்று வகைக் காய், ஒரு கட்டுக் கீரை. இவை தீர்ந்துபோகும் நாளில்தான் மாவு அரைத்து வைத்த பாத்திரம் கண்ணில் படும். இட்லி மாவு வீட்டில் மற்றவர்களுக்கு இருக்கட்டும். முட்டையும் காயும் முன்வரிசையில் இருக்கட்டும்.

கூடுதலாக ஒரு இரும்புச் சட்டி வேண்டும். கனமான, அகலமான சட்டி. எதற்கு என்பது அடுத்த படியில் வரும்.

பாதாம் மாவு, தனி இனிப்பூட்டி என்று வாங்கிக் குவிப்பது முதல் மாதத்தில் தேவையில்லை. அவற்றைக் கொண்டு பழைய பலகாரத்தையே திரும்பச் செய்து பார்க்கத் தோன்றும். ருசி வராது, காசும் போகும்.

5. குழம்பு: கூடுதல் தண்ணீர் விடும் முன் பங்கை எடுங்கள்

இந்த ஒரு படி சரியாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆட்டுக்கறிக் குழம்பை எடுத்துக்கொள்வோம். நாலு பேருக்கு முன்பு அரைக் கிலோ போட்டிருந்தால் இப்போது முக்கால் கிலோ போடுங்கள். சோறு நிரப்பிய வயிற்றைக் கறி நிரப்ப வேண்டும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, சோம்பு, கல்பாசி தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, கறியைச் சேர்த்துப் பிரட்டி, மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் போடுங்கள். இதுவரை வழக்கம்போலத்தான். உப்பு மட்டும் வழக்கமாகப் போடுவதில் பாதி. கறி வேகத் தேவையான தண்ணீர் மட்டும் ஊற்றி வேகவிடுங்கள்.

கறி வெந்ததும், உருளைக்கிழங்கும் தேங்காய் அரைப்பும் கூடுதல் தண்ணீரும் சேர்ப்பதற்கு முன்னால், சோறு சாப்பிடாதவருக்கான பங்கை இரும்புச் சட்டிக்கு மாற்றுங்கள். துண்டுகளோடு இரண்டு கரண்டிச் சாறும் வரட்டும். அதில் கரகரப்பாகப் பொடித்த மிளகும் சோம்பும் தூவி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சாறு சுண்டிக் கறியோடு ஒட்டும்வரை பிரட்டுங்கள். அது பிரட்டல் ஆகிவிட்டது. சட்டியில் மீதி உள்ளதில் கிழங்கு, அரைப்பு, தண்ணீர், மிச்ச உப்பு சேர்த்துக் கொதிக்கவிட்டால் மற்றவர்களுக்குக் குழம்பு. பத்து நிமிடக் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

உப்பைப் பாதியாகப் போடச் சொன்னது இதற்காகத்தான். சாறு சுண்டும்போது உப்பும் உறைப்பும் கூடும். முழு உப்புப் போட்ட குழம்பிலிருந்து பங்கு எடுத்துச் சுண்டவைத்தால் வாயில் வைக்க முடியாது. பிரட்டல் கரிக்கிறது என்பவர்கள் எல்லோரும் பங்கைக் கடைசியில் எடுத்தவர்கள்.

கோழிக்கும் இதே முறை. உப்புக்கறி, சுக்கா, ஈரல் வறுவல், எலும்பு ரசம், நண்டு ரசம் ஆகியவற்றில் மாற்ற எதுவுமே இல்லை, காரத்தை மட்டும் கொஞ்சம் தணித்தால் போதும்.

மீன் குழம்பில் இது செல்லாது. மீன் கடைசியில் விழுகிறது, அதற்குள் புளியும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். அதனால் மீனை அலசியதுமே பங்குத் துண்டுகளைத் தனியே எடுத்து, மஞ்சள், மிளகாய், மிளகு, உப்புத் தடவித் தோசைக்கல்லில் பொரியுங்கள். மொறுமொறுப்புக்கு என்று அரிசி மாவோ சோள மாவோ தூவ வேண்டாம். துண்டின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால் ஒட்டாது, ஓரமும் முறுகும். குழம்பு வாசம் வேண்டும் என்றால் இரண்டு கரண்டி மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

காய்க் குழம்பிலும் வரிசை அதேதான். கத்திரிக்காயோ வெண்டைக்காயோ எண்ணெயில் வதங்கியதும், புளி கரைத்து ஊற்றும் முன் பங்கு எடுங்கள்.

வெண்டைக்காய் மண்டியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அரிசி களைந்த தண்ணீரில் வைப்பதாயிற்றே, ஆகுமா என்று. ஆகும். களைந்த நீரில் கரைந்து வரும் மாவு கொஞ்சம்தான், அதுவும் ஒரு சட்டி முழுவதற்கும் பரவிவிடுகிறது. மண்டியைக் கைவிட வேண்டாம். புளியைப் பாதியாக்கி, காயை இரட்டிப்பாக்கிக் கிண்ணத்தில் எடுத்துச் சாப்பிடுங்கள்.

6. எதைத் தொட வேண்டாம், எதைத் தொட வேண்டும்

கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் சிலர் சின்ன வெங்காயத்தை எடுத்துவிடுகிறார்கள். 100 கிராமில் 17 கிராம் என்று படித்திருப்பார்கள். உண்மைதான், பெரிய வெங்காயத்தைவிட அதிகம். ஆனால் நாலு பேர் குழம்புக்கு 200 கிராம் போட்டால் ஆளுக்கு 8 கிராம் அளவில்தான் வருகிறது. எலுமிச்சை அளவுப் புளியும் பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு நாலு கிராம்தான். இவை இரண்டையும் எடுத்தால் அது செட்டிநாட்டுச் சமையலாகவே இருக்காது. சோற்றிலிருந்து ஒரு கரண்டி குறைத்தாலே இந்தக் கணக்கு நேராகிவிடும்.

தொட வேண்டியவை கெட்டிக்கச் சேர்ப்பவை. பொட்டுக்கடலையில் பாதிக்கு மேல் மாவு. முந்திரியில் 100 கிராமுக்கு 30. இவற்றின் இடத்தில் தேங்காயையும் கசகசாவையும் வைத்தால் போதும். குருமாவில் ஏற்கெனவே இரண்டும் இருக்கின்றன, அளவைக் கூட்டினால் சரி. அரைப்பு திரியாமல் இருக்கக் கடைசியில் சேர்த்து, ஒரு கொதியில் இறக்குங்கள்.

கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவு இல்லாமல் பிடி வராது என்பார்கள். கொத்துக்கறியில் தண்ணீர் இருப்பதால்தான் பிடி வருவதில்லை. கறியை அலசி நன்றாகப் பிழிந்து, வெங்காயம், சோம்பு, தேங்காய், மசாலாவோடு வதக்கி ஈரம் வற்றியபின் ஆறவைத்து அரையுங்கள். சூடாக அரைத்தால் கொழகொழத்துவிடும். அரைத்ததில் ஒரு முட்டை சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டையாகப் பிடித்துப் பணியாரக் குழியில் எண்ணெய் விட்டுச் சுட்டெடுக்கலாம். கடாயில் பொரிப்பதைவிட இதில் உடைவது குறைவு.

கிழங்கில் உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, காயில் வாழைக்காய் இவற்றை மாதத்தில் ஒருநாள் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. சோற்றின் இடத்தில் என்ன

ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடியுங்கள். இதிலேயே இரண்டு முறை சோறு கழிந்துவிடும். வேறு எந்த மாற்றமும் செய்ய மனம் இல்லாத பெரியவர்களுக்கு நான் சொல்வது இதை மட்டும்தான். குடிக்கிற ரசத்தில் புளியும் உப்பும் குறைவாக இருக்கட்டும்.

பருப்பை நெய்யோடு சின்னக் கிண்ணத்தில் தனியே சாப்பிடலாம். அதில் சுமார் 15 கிராம் மாவு உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பிசைந்து சாப்பிட ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குக் காலிபிளவர். 100 கிராமில் 5 கிராம்தான், அதிலும் 2 கிராம் நார். வெந்நீரில் முக்கிப் புழு பூச்சி போக அலசி, துணியில் ஒற்றி, நன்றாக ஈரம் காய்ந்த பிறகு துருவ வேண்டும். அகலச் சட்டியில் ஒரு கரண்டி நெய் விட்டு, மூடாமல், பெரிய தீயில் ஐந்து நிமிடம் கிளறி இறக்கிவிடுங்கள். உப்பு கடைசியில். முதலிலேயே உப்புப் போட்டாலும் மூடி வைத்தாலும் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும். அதைத்தான் பலர் சாப்பிட்டுவிட்டு, வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள்.

முட்டைக்கோஸை நூல் நூலாகச் சீவி நாலு நிமிடம் ஆவியில் வைத்துக் குருமாவை மேலே ஊற்றினால் இடியாப்பத்தின் இடத்தை ஓரளவு நிரப்பும். வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுத் துவட்டினால் காரக் குழம்புக்கு நல்ல துணை.

8. காலையும் இரவும்

நடுத்தர இட்லி ஒன்றில் 8 முதல் 10 கிராம் மாவு. இரண்டு இட்லி பெரிய குற்றமில்லை. இட்லியை ஆறிலிருந்து இரண்டாக்கி, பக்கத்தில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் கத்திரிக்காய்க் கோசமல்லியும் வைத்தால் காலை முடிந்தது. கோசமல்லியில் உருளைக்கிழங்கு சேர்க்காமல், கத்திரிக்காயைக் கூட்டிக் கெட்டியாக வையுங்கள்.

முட்டைப் பணியாரத்தை எல்லோருக்கும் சொல்லித் தருவேன். குழந்தைகளும் சேர்ந்து சாப்பிடுவார்கள் என்பதால் அது வீட்டில் நிலைக்கும். கடுகு, உளுந்து தாளித்து, ஆறு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி ஆறவையுங்கள். நாலு முட்டையை அடித்து, மூன்று மேசைக்கரண்டித் தேங்காய்த் துருவல், உப்பு, வதக்கியதைச் சேர்த்துக் கலக்குங்கள். வதக்கியது சூடாக இருந்தால் முட்டை உடனே திரியும். குழியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், முட்டை உப்பும். சிறு தீயில் மூடி வைத்து, ஓரம் விட்டதும் கம்பியால் திருப்புங்கள். பெரிய தீயில் அடி கருகி நடு வேகாமல் நிற்கும். தொட்டுக்கொள்ள டாங்கர் சட்னி, அல்லது பொட்டுக்கடலை போடாத தேங்காய்ச் சட்னி.

பாசிப்பயறு அடை இரவுக்கு ஆகும். 30 கிராம் பயறில் ஒரு பெரிய அடை, நார் போக 14 கிராம் அளவில் நிற்கும். ஊறிய பயறோடு அரிசி ஒரு பிடி சேர்ப்பதை விட்டுவிடுங்கள்.

9. சைவ நாட்கள்

கார்த்திகை, சஷ்டி, வெள்ளி என்று கறி முட்டை சேர்க்காத நாட்களும், முழுச் சைவ வீடுகளும் இதில் கொஞ்சம் கடினப்படுவார்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். புரதம் வரும் வழி பெரும்பாலும் பருப்பும் பயறும்தான், அவற்றோடு மாவும் சேர்ந்தே வருகிறது. அதனால் அன்று பருப்பை வைத்துக்கொண்டு சோற்றை முழுதாக விடுங்கள். இரண்டும் சேர்ந்தால் அளவு தாண்டிவிடும். பனீரையும் மீல் மேக்கரையும் மிளகு, சோம்பு மசாலாவில் பிரட்டலாம். மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்தால்தான் பச்சை வாடை போகும். கெட்டித் தயிர் இரண்டு கிண்ணம் எல்லா நாளும் கைகொடுக்கும்.

10. முதல் இரண்டு வாரத்துத் தலைவலி

மாவு குறைந்ததும் உடலில் இன்சுலின் இறங்கும், அதனால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். போதாததற்கு நம் ஊர் வெயில் வேறு. மோரில் உப்புப் போட்டு இரண்டு வேளை குடியுங்கள், எலும்பு ரசமும் நல்லது. இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

மலச்சிக்கல் வந்தால் கறி கூடி, காய் குறைந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் கீரைத் துவட்டல் ஒன்று இருக்கட்டும்.

11. விசேஷ வீடுகளில்

கல்யாண வீட்டுப் பந்தியில் எதுவும் வேண்டாம் என்று கையை மறித்தால் பரிமாறும் ஆச்சிமார்களுக்கு மனம் வருந்தும், அடுத்த நிமிடம் இரட்டிப்பாக விழும். இலையில் காய், கூட்டு, மண்டி, கறி எல்லாம் வாங்கி முதலில் அவற்றைச் சாப்பிடுங்கள். சோற்றைக் கடைசியில் ஒரு கரண்டி. காயும் புரதமும் முதலில், மாவு பின்னால் என்று சாப்பிட்டால் அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது.

கந்தரப்பம், பால் பணியாரம், கும்மாயம் இவற்றில் எது தேவலை என்று கேட்டால், எதுவும் இல்லை. கும்மாயத்தில் பருப்பு மாவு இருப்பதால் ஆகும் என்று நினைப்பார்கள், அதில் அதே அளவுக்குக் கருப்பட்டியும் இருக்கிறது. பிடித்தது ஒன்றை மட்டும் எடுத்து, அன்றைக்குச் சோற்றை விட்டுவிடுங்கள். பிள்ளையார் நோன்பில் இழை எடுப்பதை (திரி ஏற்றிய மாவை வாயில் இடும் நகரத்தார் சடங்கு) இதற்காகத் தவிர்க்க வேண்டாம். இழைமாவு ஒரு வாய் அளவுதான். அதன்பின் வரும் பலகாரத் தட்டைத்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

12. சோதித்துப் பார்க்கும் முறை

குளுக்கோமீட்டர் வீட்டில் இருந்தால், சாப்பிடத் தொடங்கும் முன் ஒரு முறை, தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். ஒரு நாளில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். பாசிப்பயறு அடை ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும், இன்னொருவருக்கு ஏற்றும். இரண்டையும் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது செய்தது என்று தெரியாது. எழுதி வையுங்கள்: நாள், பொருள், எடை, இரண்டு எண்கள்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையை மூன்று மாதம் முடியும் முன் எடுப்பதில் பெரிய பயன் இல்லை. அதோடு கொழுப்புச் சோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட கொழுப்பு ஏறியிருந்தால் நெய்யையும் தேங்காயையும் குறைத்து, மீன், நிலக்கடலை, நல்லெண்ணெய்ப் பக்கம் சாயுங்கள். அந்தத் தாளையும் எழுதி வைத்த நோட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனால், மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.